சின்னக்கண்மாயை வெட்டியது யார்?

மாரீஸ்வரி டீச்சருக்கு இங்கிலீஷ் தெரியும், பேசத்தான் வராது. பெரியகுளத்தில் மாந்தோப்புக் குத்தகைக்காரர் மகளாகப் பிறந்தவள். பள்ளிக்கூடம், பி.ஏ. ஆங்கிலம், பி.எட். என்று எல்லாவற்றையும் எழுதியே தாண்டினாள். எந்தப் பரீட்சையிலும் எவரும் வாயைத் திறந்து பேசு என்று அவளிடம் கேட்கவில்லை. ஆக்டிவ் வாய்சைப் பாசிவ் வாய்சாக மாற்றுவதில் அவள் புலி. எதிரே ஒரு ஆள் நின்று 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டால் மட்டும் புலி பதுங்கிவிடும், அதுவும் பாய்வதற்காக இல்லை.

கல்யாணமாகி வந்தது சின்னக்கண்மாய்ப்பட்டிக்கு. ராயப்பன்பட்டியைத் தாண்டி, மலைக்கு ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். புருஷன் முத்துப்பாண்டிக்கு ரோட்டோரம் திராட்சைத் தோட்டம். சில வருஷம் கோம்பைப் பக்கம் வேலை பார்த்துவிட்டு, மாறுதல் வாங்கி உள்ளூர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கே வந்து சேர்ந்தாள். உள்ளூர் மருமகளே உள்ளூர் டீச்சர் என்றால் அதில் ஒரு சங்கடம் உண்டு. பாதிப் பிள்ளைகள் முறைக்கு நாத்தனார் மக்களாகவும் கொழுந்தன் மக்களாகவும் இருப்பார்கள். இம்போசிஷன் கொடுத்தால் சாயங்காலம் வீட்டு வாசலில் பஞ்சாயத்து. அதற்கும் அவள் பழகிப்போனாள். மொத்தத்தில் குறையில்லாத வாழ்க்கை. திராட்சை விலை விழுகிற மாதங்களில் முத்துப்பாண்டி முகம் சுண்டிக் கிடப்பதைத் தவிர, வீட்டில் பெரிய வம்பு தும்பு கிடையாது.

சுருளி அருவிக்குப் போகிற வண்டிகளில் ஒன்றிரண்டு, கொடியில் தொங்குகிற குலையைப் பார்த்துவிட்டு அந்தத் தோட்டத்தில் நிற்கும். மலையாளத்துக்காரர்கள் என்றால் முத்துப்பாண்டியே 'எந்தா சேட்டா' என்று சமாளித்துவிடுவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கிருந்தோ ஒரு வடநாட்டுக் குடும்பம் வந்து இறங்கியது. தோட்டத்துக்குப் பின்னால் மேட்டில் தெரிந்த கண்மாய்க்கரையைக் காட்டி, அந்த வீட்டம்மா இங்கிலீஷில் என்னவோ கேட்டார்.

"ஏ மாரி, இங்கன வா. என்னமோ கேக்காக பாரு" என்று குரல் கொடுத்தான் முத்துப்பாண்டி. பொண்டாட்டி இங்கிலீஷ் டீச்சர் என்கிற பெருமிதம் அவன் முகத்தில் பளிச்சென்று இருந்தது.

அந்த அம்மா கேட்டது எளிய கேள்விதான். இந்த ஏரி ரொம்ப அழகாக இருக்கிறதே, எவ்வளவு பழசு, யார் வெட்டினார்கள்? கேள்வி ஒவ்வொரு சொல்லாக மாரீஸ்வரிக்குப் புரிந்தது. பதில்தான் தொண்டையைத் தாண்டவில்லை. "எஸ், எஸ். வெரி நைஸ்" என்றாள். அந்த அம்மாவும் நல்ல மனுஷி, சிரித்துவிட்டுத் திராட்சை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வண்டி கிளம்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இங்கிலீஷ் வராதது ஒரு பக்கம் இருக்கட்டும், தமிழில் கேட்டிருந்தாலும் பதில் தெரிந்திருக்காது. தினமும் கண்ணில் படுகிற கண்மாய், அதைப் பற்றி ஒரு வரி தெரியாது. அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன், நன்றாகவே சாப்பிட்டாள். ஆனாலும் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் சொன்னாள். "இனிமே இங்கிலீஷ் பேசிப் பழகுறதுக்குப் பாடப் புத்தகம் வேண்டாம். நம்ம ஊருக் கதைய இங்கிலீஷ்ல சொல்லப் போறோம்."

கடைசி பெஞ்சில் மதன்குமார் எழுந்தான். "டீச்சர், எங்கப்பனுக்குத் தெரிஞ்ச கதைய, எங்கப்பனுக்குப் புரியாத பாசையில, யாருக்கு டீச்சர் சொல்றது?"

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு யோசித்துப் பார்த்தால், பயல் கேட்டதில் நியாயம் இருந்தது. கேட்க ஆள் இல்லாமல் எந்த பாஷையும் வாயில் வராது. பதினைந்து வருஷமாக அவளுக்கு வராமல் போனதும் அதனால்தான்.

விடை கருத்தக்கண்ணன் டீக்கடையில் கிடைத்தது. அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்ட அட்டை உண்டு. போனைக் காட்டினால் பணம் போய்ச் சேர்ந்துவிடும், கூடவே ஒரு சின்னப் பெட்டி எவ்வளவு வந்தது என்று கூவும். எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவர்கூட அந்த அட்டைக்கு நேராகப் போனைப் பிடிக்கப் பழகியிருந்தார். அட, இதே மாதிரி ஒரு கட்டத்தைக் கண்மாய் மடையில் ஒட்டினால் என்ன? போனைக் காட்டினால் பணத்துக்குப் பதில் பிள்ளையின் குரல் வரட்டும். அந்த வடநாட்டு அம்மா மாதிரி யாராவது வந்தால் கேட்டுக்கொள்ளட்டும்.

பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு ஒன்று வந்து இறங்கியிருந்தது. தூசி படாமலிருக்க ஒரு துண்டைப் போர்த்தி, ஆயுதபூஜைக்குச் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. அதற்கு மேல் யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை. மாரீஸ்வரி துண்டை எடுத்தாள். ஊர் வரைபடத்தை அதில் விரித்துக் காட்டியபோது, பிள்ளைகள் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடிக் கண்டுபிடித்த கூச்சலில் ஹெட்மாஸ்டரே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்மாய் மடை, சந்தைக் கொட்டகை, சுமைதாங்கிக் கல், பள்ளிக்கூடக் கிணறு, பாலம் என்று இடங்களைப் பிரித்துக் கொடுத்தாள். நீங்களே விசாரித்து நீங்களே எழுதுங்கள் என்றாள்.

பதிவு செய்ய அமைதியான இடம் வேண்டுமே. வகுப்பில் பதிந்தால் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடும் சேர்ந்து விழுந்தது. கடைசியில் சத்துணவு அரிசி மூட்டை அடுக்கிய அறை வாகாக அமைந்தது. மூட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும். ஒரே தொல்லை தும்மல்தான்.

கண்மாய், ஓவியாவுக்கு விழுந்தது. பஞ்சம்மாள் மகள். பஞ்சம்மாள் விடிவதற்குள் ஜீப் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவள். ஓவியா பேசுவது பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் கேட்கும். வருகைப் பதிவில் 'பிரசென்ட்' சொல்வதற்கே எழுந்து நின்று ஒரு முறை எச்சில் விழுங்குவாள். அவளை அரிசி மூட்டைக்கு நடுவில் உட்கார வைத்து, திரும்பத் திரும்பச் சொல்ல வைத்து, மாரீஸ்வரி விடாப்பிடியாக நின்றாள். கடைசித் தடவை குரல் கணீரென்று வந்தது. போட்டுக் காட்டியபோது ஓவியா தன் வாயைப் பொத்திக்கொண்டாள். "இது நானா டீச்சர்?" என்றாள். அந்த ஒரு கேள்விக்காகவே மாரீஸ்வரிக்கு அன்றைய பொழுது இனித்தது.

இங்கேதான் ஒரு கோளாறு நடந்துபோனது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய கோளாறு.

அந்தப் பள்ளத்தாக்கில், 'யார் கட்டியது' என்று கேட்டால் பென்னிகுக் என்று சொல்லிவிட்டுத்தான் பிள்ளைகள் யோசிக்கவே ஆரம்பிக்கும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய வெள்ளைக்கார எஞ்சினியர். சொத்தை விற்றுக் கட்டினார் என்று ஊரே சொல்லும். டீக்கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படமும் இருக்கும். தை மாதம் அவர் பிறந்தநாளுக்கு ஊர் ஊராகப் பொங்கல் வைப்பார்கள். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எதுவானாலும் பென்னிகுக் என்று எழுதினால் பரிசு தப்பாது. ஆகவே, பிள்ளைகள் பாலத்தையும் அவரே கட்டினார் என்று எழுதியிருந்தார்கள். பள்ளிக்கூடக் கிணறும் அவர் வெட்டியது. சந்தைக் கொட்டகைக்கு ஓடு போட்டதும் அவர்தான். மதன்குமார் சுமைதாங்கிக் கல்லையே அவர் தலையில் வைத்திருந்தான். மாரீஸ்வரி அந்த ஒன்றுக்கு மட்டும் சிரித்து, அந்த வரியை அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் சிவப்பு மையால் ஒழுங்காகத் திருத்தினாள். எதைத் திருத்தினாள்? 'வாஸ்' விட்டுப்போன இடத்தில் 'வாஸ்' போட்டாள். 'திஸ் டேங்க் வாஸ் பில்ட் பை பென்னிகுக்' என்று ஓவியாவின் வாக்கியத்தைப் பாசிவ் வாய்சில் பளபளவென்று துலக்கி வைத்தாள். அது உண்மையா என்று ஒரு நொடிகூட அவளுக்குத் தோன்றவில்லை. பெரியகுளத்துக்காரிதான், ஆனால் இத்தனை வருஷம் இந்தத் தண்ணியைக் குடித்தவளாயிற்றே.

உத்தமபாளையத்தில் பிளக்ஸ் கடையில் கட்டங்களை அச்சடித்து, ஓட்டில் ஒட்டி, அந்தந்த இடத்தில் பதித்தாயிற்று. ஊரில் ஒரே களை. ஆடு மேய்க்கப் போகிறவர்கள்கூட மடையில் நின்று போனைக் காட்டினார்கள். இங்கிலீஷில் ஓவியா குரல் வரும். ஒரு எழவும் புரியாது. ஆனாலும் முழுசாகக் கேட்டுவிட்டு, "பஞ்சம்மா மக என்னமாப் பேசுது!" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

எல்லாரையும்விட அதிகம் கேட்டவர் மலைச்சாமி. விவசாயிகள் சங்கத் தலைவர், முத்துப்பாண்டிக்குச் சித்தப்பா முறை. வருஷா வருஷம் பஸ் ஸ்டாப்பில் பென்னிகுக் பொங்கலை முன்னால் நின்று நடத்துகிறவர். பேரனுக்குப் பென்னி என்றே பேர் வைத்தவர். தண்ணியை வீணாக்குகிறவனைக் கண்டால் ஊரே அஞ்சும்படி வைவார். அவருக்கு அந்தப் பதிவில் புரிந்தது ஒரே ஒரு சொல், பென்னிகுக். அது வருகிற இடத்திலெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒருநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஆத்தா மாரி, நம்ம கண்மாயையும் அய்யாதேன் வெட்டுனாகளா? இம்புட்டு நாளா தெரியாமப் போச்சே! படிச்ச பிள்ளைக சொன்னப்புறந்தேன் தெரியுது. இந்த வருசம் பஸ் ஸ்டாப்புல வேண்டாம். கண்மாய்க் கரையிலயே பொங்க வைப்போம். ஓவியாப் பிள்ள பேசுனத மைக்குல போடுவோம்."

மாரீஸ்வரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாமனார் முறை, ஊர்ப் பெரிய தலை, வாசலேறி வந்து பாராட்டுகிறார். "சரிங்க மாமா" என்றாள். அடுத்த வாரமே பிளக்ஸ் ஏறிவிட்டது. 'எங்கள் கண்மாய் தந்த அய்யாவுக்குப் பொங்கல்' என்று கொட்டை எழுத்து. மூலையில் ஓவியா படம், அவளுக்குப் பக்கத்தில் மாரீஸ்வரி டீச்சர் படம்.

அது ஏறிய மறுநாள் ஓவியா ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். முன்போல எச்சில் விழுங்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நான் பேசுனதுல பெரியாத்துத் தண்ணி இந்தக் கண்மாய்க்கு வருதுனு சொல்லிருக்கேன்ல?"

"ஆமா."

"நேத்து மடையில நின்னு கேட்டுக்கிட்டே பாத்தேன் டீச்சர். வாய்க்கா கீழ, பள்ளத்துல போகுது. கண்மாய் மேல, மேட்டுல இருக்கு. தண்ணி எப்படி டீச்சர் மேல ஏறும்?"

மாரீஸ்வரி சாயங்காலம் ஓவியாவைக் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனாள். பிள்ளை சொன்னது அப்படியே இருந்தது. பெரியாற்றுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் தென்னந்தோப்புக்கு அப்பால், ரெண்டு ஆள் உயரம் கீழே. கண்மாய்க்குத் தண்ணி வருவது மலையிலிருந்து இறங்குகிற ஓடையில். மழை பெய்தால் நிறையும், இல்லாவிட்டால் காயும். இதைத் தெரிந்துகொள்ளப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை, கழுத்தைத் திருப்பினால் போதும். ஊரில் ஒருத்தரும் திருப்பவில்லை. போன் சொல்லிவிட்டதே, அதுவும் இங்கிலீஷில் சொல்லிவிட்டதே!

"அப்ப யாரு டீச்சர் வெட்டுனது?" என்றாள் ஓவியா.

மடையை ஒட்டி ஒரு பலகைக் கல் சாய்ந்து நின்றது. அதன் மேல் பக்கம் எழுத்து மாதிரி ஏதோ இருந்தது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. பொழுது சாய்ந்ததும் ஓவியா போன் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் பிடித்தாள். பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்துகள் எழும்பின. மாரீஸ்வரி ஒவ்வொரு பகுதியாகப் படம் எடுத்து, கல்லூரியில் தன்னோடு படித்து இப்போது பெரியகுளத்தில் வரலாறு சொல்லித்தருகிற சுபாஸ்ரீக்கு அனுப்பினாள்.

ரெண்டு நாள் கழித்து சுபாஸ்ரீ கூப்பிட்டாள். "மாரி, எழுத்தப் பாத்தா அணைக்கு ரொம்ப முந்துனதுடி. இன்னாரு இந்தக் குளத்த வெட்டிக் குடுத்தாகன்னு ஆரம்பிக்குது. ஆனா பேரு இருக்குற இடம் வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. என்னத்தடி வச்சுத் தேச்சீக?"

எதை வைத்துத் தேய்த்தார்கள் என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். கதிர் அறுக்கப் போகிறவர்கள், புல் அறுக்கப் போகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லில்தான் அரிவாள் தீட்டுவார்கள். இடுப்பு உயரத்தில் கைக்கு வாகாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. தாத்தன் பூட்டன் காலத்திலிருந்து தீட்டித் தீட்டி, வெட்டியவர் பேரை ஊரே சேர்ந்து சுத்தமாக வழித்துவிட்டிருந்தது.

அன்று வீட்டில் முத்துப்பாண்டியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். "எந்தப் பிள்ளையும் பொய் சொல்லலங்க. நான்தேன் பாக்கல. இப்ப ஊரே நம்பிருச்சு. பிளக்ஸ்ல வேற போட்டாச்சு. இன்னும் பத்து வருசங் கழிச்சு இதுதேன் சரித்திரம்னு ஆயிரும். போய்ச் சொன்னா, அய்யா பேர எடுத்தவன்னு உங்க சித்தப்பா என்னைய ஏறெடுத்துப் பாக்க மாட்டாக."

முத்துப்பாண்டி திராட்சைக் கொடிக்கு மருந்து கலக்குகிற வாளியைக் கழுவிக்கொண்டே யோசித்தான். "கிறுக்கி, இதுக்குப் போயி... இங்கிலீஷ்லதான பேசுது? உள்ள இருக்கத மாத்திப்புடு. சித்தப்பனுக்கென்ன தெரியவா போகுது?"

கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது. சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. மடையில் ஒட்டியிருக்கிற கட்டம் அப்படியே இருக்கும், அதற்குள் இருக்கிற குரலை மட்டும் மாற்றினால் போதும். பாலம், கிணறு, கொட்டகையைப் பொங்கலுக்கு அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம். மறுபடி அரிசி மூட்டை அறை. இம்முறை எழுதியது முழுக்க ஓவியா. அணை கட்டியவரை எங்களுக்குத் தெரியும், நன்றி சொல்கிறோம். இந்தக் கண்மாய் அதற்கும் பழையது. இதை வெட்டியவர் பேர் எங்களுக்குத் தெரியாது. கல்லில் இருந்தது, நாங்கள் அரிவாள் தீட்டி அழித்துவிட்டோம். ஒரே தடவையில் பேசி முடித்தாள்.

பேசி முடித்துவிட்டு, "டீச்சர், இது மலைச்சாமித் தாத்தாவுக்குப் புரியாதுல்ல?" என்றாள்.

"புரியாது."

"அப்ப யாருக்கு டீச்சர் சொல்றோம்?"

மதன்குமார் கேட்டபோது வகுப்பே சிரித்த கேள்வி. இப்போது சிரிப்பு வரவில்லை. "மொதல்ல பொங்கல் முடியட்டும்" என்றாள் மாரீஸ்வரி. ஓவியா சரி என்று தலையாட்டினாள். ஆனால் மறுநாள் வகுப்பில் 'பிரசென்ட்' பழையபடி முனகலாக வந்தது. அது மாரீஸ்வரியைச் சுட்டது. இத்தனை பாடுபட்டுத் திறந்த வாய், தன் பயத்தால் மூடிக்கொள்கிறதே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

பொங்கல் அன்று கண்மாய்க்கரை அமர்க்களப்பட்டது. நாற்காலியில் மாலை போட்ட பென்னிகுக் படம், வரிசையாக அடுப்பு, கரும்பு, மைக் செட். லீவு என்பதால் பஞ்சம்மாளும் புதுச்சேலை கட்டி முன்வரிசையில் மகள் குரலுக்காகக் காத்திருந்தாள். மலைச்சாமி வெள்ளை வேட்டியில் இங்கும் அங்குமாகப் பறந்தார்.

"இப்ப நம்ம ஓவியாப் பிள்ள அய்யாவப் பத்திப் பேசுனதக் கேப்போம்" என்று அறிவித்தார்.

மாரீஸ்வரி போனை மைக்கில் பிடித்தாள். ஓவியாவின் குரல் தண்ணீருக்கு மேல் பரவியது. முடிந்ததும் கை தட்டல் காதைப் பிளந்தது. விசில் வேறு. பஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவுதான், தப்பித்தாயிற்று என்று முத்துப்பாண்டி கூட்டத்துக்கு நடுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மலைச்சாமி மட்டும் கை தட்டவில்லை. கும்பிடுவதற்காகச் சேர்த்த கை, சேர்த்தபடியே நின்றது.

"ஆத்தா மாரி, முன்ன கேட்டப்ப அய்யா பேரு மூணு எடத்துல வருமே. இப்ப ஒண்ணுலகூட வரலயே?" என்றார். மைக்கைக் கையில் எடுத்துப் பேசியதால் ஊருக்கே கேட்டது. "பிள்ள என்ன சொல்லுச்சு? தமிழ்ல சொல்லு, எல்லாரும் தெரிஞ்சுக்கிருவோம்."

மாரீஸ்வரி யோசித்தாள். ஏதாவது ரெண்டு வார்த்தை புகழ்ந்து சொல்லிவிட்டு இறங்கிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஓவியாவைப் பார்த்தாள். ஓவியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தலை குனிந்ததைப் பார்த்தபின் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. மைக்கை வாங்கினாள்.

"மாமா, முன்னாடி சொன்னது தப்பு. தப்பு எம்மேலதேன், பிள்ள மேல இல்ல. இந்தக் கண்மாய அய்யா வெட்டல. அய்யா தண்ணி கீழ வாய்க்கால்ல போகுது பாருங்க. இது மலைத்தண்ணி. இத வெட்டுனவுக அய்யாவுக்கும் முந்துனவுக. இதக் கண்டுபிடிச்சது இந்தப் பிள்ள."

கூட்டம் சலசலத்தது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் வாய்க்கால் பக்கம் திரும்பி, பிறகு கண்மாய்ப் பக்கம் திரும்பியது. பின்னாலிருந்து ஒருத்தன், "ஏலே, அய்யா பொங்கலுக்கு வந்து அய்யாவையே இல்லைங்கிறாகளா?" என்று கத்தினான். மாரீஸ்வரி அசையாமல் நின்றாள். பயம் போன இடம் தெரியவில்லை.

மலைச்சாமி கையை உயர்த்திச் சத்தத்தை அமர்த்தினார். முகத்தில் கோபமா வருத்தமா என்று பிடிபடவில்லை. "அப்ப வெட்டுனது யாரு? பேரச் சொல்லு. அவுகளுக்கும் படத்த வைப்போம்."

மாரீஸ்வரி வாயெடுப்பதற்குள் ஓவியா முன்னால் வந்தாள். மைக் இல்லாமலே பேசினாள், கரை முழுக்கக் கேட்டது. "பேரு தெரியாது தாத்தா. அந்தக் கல்லுல இருந்துச்சு. அருவா தீட்டித் தீட்டித் தேஞ்சு போச்சு."

மலைச்சாமி மடையைப் பார்த்தார். மெல்ல நடந்து போய்க் கல்லுக்கு முன்னால் நின்றார். அந்தப் பள்ளத்தில் கையை வைத்தார். எத்தனையோ விடியற்காலம் அரிவாளோடு நின்ற கை, அது பழகிய இடத்தில் போய்ப் பொருந்தியது. வெகு நேரம் கையை எடுக்கவேயில்லை. கண்ணுக்கெட்டாத சீமைக்காரருக்கு வருஷம் தவறாமல் பொங்கல் வைத்த மனுஷன் அவர். நன்றி மறந்தவன் விளங்க மாட்டான் என்று வாய் ஓயாமல் சொன்ன மனுஷன்.

"நானுந்தேன் தீட்டிருக்கேன்" என்றார். "எங்கப்பனும் இங்கனதேன் தீட்டுனாரு."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கல்லைத் துடைத்தார், மேலிருந்து கீழாக, மெதுவாக. பிறகு திரும்பி, "ஏ பஞ்சம்மா, இன்னொரு அடுப்பு கூட்டு. இந்தக் கல்லு முன்னால கூட்டு. அய்யாவுக்கு ஒரு பானைன்னா இவுகளுக்கும் ஒரு பானை" என்றார்.

பஞ்சம்மாள் மூன்று கல்லைத் தூக்கி வந்து போட்டாள். மாரீஸ்வரி இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு விறகு அடுக்க உட்கார்ந்தாள். கண்மாய்த் தண்ணியையே முகந்து உலை வைத்தார்கள். தீ பிடித்து, பால் நுரைத்து விளிம்புக்கு ஏறியபோது பெண்கள் குலவை போட வாயருகே கையைக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் தயங்கி ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள்.

"யாரு பேரச் சொல்லி மாமா போடுறது?" என்று கேட்டாள் மாரீஸ்வரி.

மலைச்சாமி அந்தக் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரத் தேச்சது நாம. கொலவையவாச்சும் சத்தமாப் போடுங்கத்தா."

முதல் குரல் ஓவியாவிடமிருந்து வந்தது.